பூஜ்யத்தில் தொடங்காத கோடு

செப்டம்பர் 4, வியாழன்

இன்று எடை நாள். முப்பத்தெட்டுப் பிள்ளைகளைத் தூக்கி எடை போட்டேன். ஒன்றுகூட அழவில்லை. இந்த ஒன்றியத்தில் வேறு எந்த அங்கன்வாடியிலாவது இப்படி நடக்குமா என்று யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

எடை போட ஆபீஸில் கொடுத்த டவுசரை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ரெக்சினில் இரண்டு கால் ஓட்டை போட்டுத் தைத்தது. பச்சைப் பிள்ளையை அதில் நுழைத்துக் கொக்கியில் மாட்டினால் கசாப்புக் கடை மாதிரி இருக்கும். பிள்ளை வீறிடும், தாய் அதற்கு மேல் வீறிடுவாள், அந்த ஆட்டத்தில் முள் எங்கே நிற்கும்? மே மாதம் அதுவும் கிழிந்தது. நானே இரண்டு பழைய நூல் சேலையை நான்காக மடித்துத் தைத்து, இரண்டு பக்கமும் ஒரு சாண் மரக்கட்டை வைத்து, குட்டித் தொட்டிலாகச் செய்துவிட்டேன். ஜூனிலிருந்து அதுதான். பிள்ளைகள் அதில் படுத்துக் கொட்டாவி விடுகின்றன.

வேலையில் ஒழுங்கு வேண்டும். காலையில் வந்ததும் தராசை உத்தரத்தில் மாட்டி, திருகைத் திருப்பி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவேன். அதற்குள் உதவியாளர் பேச்சியக்கா கொடியில் காயும் தொட்டிலை எடுத்து வந்துவிடுவார். மாட்டினால் வேலை தொடங்கும். முள் பூஜ்யத்தில் நிற்காமல் நான் ஒரு பிள்ளையையும் தூக்கியதில்லை.

கடைசியாக வந்தது சண்முகக்கனி. இடுப்பில் ஐந்து மாத சுபிக்ஷா. 5.7 கிலோ, வளர்ச்சி அட்டையில் பச்சை. கனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அளத்தில் உப்பு வாரிவிட்டு அப்படியே ஓடி வந்திருக்கிறாள், காலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

ஊட்டச்சத்து மாத நிறைவு விழா. மேடையில் கூப்பிட்டு ஷீல்டு கொடுத்தார்கள். மே மாதம் என் மையத்தில் ஒன்பது பிள்ளைகள் சிவப்பு, அதாவது எடை ரொம்பக் குறைவு. இப்போது இரண்டு. “ஞானசெல்வி டீச்சர் நாலே மாசத்துல செஞ்சு காட்டிருக்காங்க” என்று மேற்பார்வையாளர் கோமளம் மேடம் மைக்கில் சொன்னார். பதினெட்டு வருடத்தில் மேடம் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. என்ன செய்தீர்கள் என்று பக்கத்து மையத்துக்காரிகள் சுற்றிக்கொண்டார்கள். அன்பாக இருங்கள், போதும் என்றேன். வயிறெரிந்திருப்பார்கள்.

ஷீல்டு டிவி பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. அளத்தில் இனி தை வரை வேலை கிடையாது. காலனி முழுக்க ஆம்பிளைகள் வாசலில் குத்தவைத்துக் கிடக்கிறார்கள். பெண்கள் இறால் கம்பெனிக்கு உரிக்கப் போகிறார்கள்.

எடை போட்டேன். சுபிக்ஷா 5.8. பச்சைதான், ஆனால் விளிம்பு. கனி போகாமல் நின்றுகொண்டிருந்தாள். சிவப்பில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தரும் பெட்டியைத் தன் பிள்ளைக்கும் தரமுடியுமா என்று கேட்டாள். பேரீச்சம்பழம், நெய், தனி மாவு எல்லாம் இருக்கும் பெட்டி. பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டும் அதோடுதான் கொடுப்போம்.

நான் அட்டையை விரித்துக் காட்டி, பார், உன் பிள்ளை பச்சையில் இருக்கிறாள், பச்சைக்குப் பெட்டி கிடையாது, சந்தோஷப்பட வேண்டியதற்கு இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாயே என்றேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். “கையில தூக்குனா கனமே இல்ல டீச்சர்” என்றாள். தராசுக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அக்டோபர் 23, வியாழன்

பெனிட்டா காலாண்டுத் தேர்வில் கணக்கில் இருபத்தொன்பது. பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். ஷீல்டு வாங்கியவள் மகள் ஃபெயில்.

திட்டி முடித்துவிட்டு, எதுதான் உனக்குப் புரியவில்லை, கொண்டு வா என்றேன். நேர்கோட்டுப் பாடம். சாய்வு புரிகிறதாம், y வெட்டுத்துண்டு புரியவில்லையாம். நான் அந்தக் காலத்துப் பத்தாம் வகுப்பு பாஸ், எனக்கும் மறந்துபோயிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். y = mx + c. கோடு நிற்கும் அச்சை எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அதுதான் c. x பூஜ்யமாக இருக்கும்போது y எவ்வளவோ அது.

புத்தகத்தில் சொன்னால் இந்தக் கழுதைக்கு ஏறாது. உப்பு அம்பாரத்தை வைத்துச் சொன்னேன். ஒரு இடத்தில் ஏற்கெனவே பத்து மூட்டை கிடக்கிறது. அதன்மேல் தினம் மூன்று மூட்டை கொட்டுகிறார்கள். கொட்ட ஆரம்பிக்கும் முன்னே, பூஜ்யம் நாளில், எவ்வளவு? பத்து. அதுதான் c. யாரும் ஒரு கூடை தூக்குவதற்கு முன்னாலேயே அங்கே கிடப்பது.

பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் வெறுந்தரையில் தொடங்கி அதே மூன்று மூட்டை கொட்டினால் அந்தக் கோடு எப்படிப் போகும் என்று அவளே கேட்டு அவளே வரைந்தாள். இரண்டும் ரயில் தண்டவாளம் மாதிரி போயின. ஏறுகிற வேகத்தை மட்டும் பார்த்தால் எது பத்தில் தொடங்கியது, எது தரையில் தொடங்கியது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றாள். பரவாயில்லை, மூளை இருக்கிறது, உடம்பு வளைவதுதான் இல்லை.

நவம்பர் 5, புதன்

எடை நாள். சுபிக்ஷா 5.6. போன மாதத்தைவிட இருநூறு குறைவு, மஞ்சளுக்கு வந்துவிட்டாள். கனியைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். இறால் கம்பெனிக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் யார் பார்ப்பார்கள்? மாமியார் பார்க்கிறாளாம். சத்துமாவு நாளைக்கு மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தேன். மஞ்சளுக்கும் பெட்டி கிடையாது.

நவம்பர் 6, வியாழன்

இந்த சுகாதார நர்ஸுக்கு என்ன கொழுப்பு. காய்ச்சல் முகாமுக்கு வந்தவள் சுபிக்ஷாவைத் தன் தராசில் போட்டு 5.2 என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒரே நாளில் நானூறு கிராம் எங்கே போகும்? கனி சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். உன் நர்ஸம்மா தராசு பஸ்ஸில் ஆடி ஆடி வருகிறது, என் தராசு ஆணி அடித்த இடத்தில் நிற்கிறது, எதை நம்புகிறாய் என்று கேட்டேன். “ஒங்களத்தான் டீச்சர்” என்றாள். சீட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும் பெனிட்டா நச்சரிப்பு. கணக்கு டீச்சர் செயல்பாடு கொடுத்திருக்கிறாராம். வீட்டில் எதையாவது அளந்து, அட்டவணை போட்டு, நேர்கோடு வரைந்து, சாய்வும் வெட்டுத்துண்டும் எழுத வேண்டும். அம்மா, உங்க தராசு என்றாள். மையத்துச் சாவி என்னிடம்தானே இருக்கிறது. போனோம். கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் நான்கு வாங்கிக்கொண்டோம்.

நான் வழக்கம்போல முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, தொட்டிலை மாட்டிக் கொடுத்துவிட்டு, பதிவேடு எழுத உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒவ்வொரு பாக்கெட்டாகத் தொட்டிலில் வைத்து எழுதினாள். ஒன்றுக்கு 1.4. இரண்டுக்கு 2.4. மூன்றுக்கு 3.4. நான்குக்கு 4.4. கட்டத்தாளில் புள்ளி வைத்து ஸ்கேலால் இழுத்தாள். சாய்வு ஒன்று. கோடு கீழே இறங்கி, நிற்கும் அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே 0.4-இல் வெட்டியது.

“யம்மா, ஒங்க தராசு ஒன்னுமே வைக்காமலே நானூறு கிராம் காட்டுது” என்று சிரித்தாள்.

பாக்கெட்டில் உப்பு கூட இருக்கும் என்றேன். எந்தக் கடைக்காரன் கூடப் போட்டுத் தருவான் என்கிறாள். கூட இருந்தால் பாக்கெட் ஏற ஏற அதுவும் கூட வேண்டாமா, நாலுக்கும் அதே நானூறுதானே வருகிறது என்கிறாள். வாய் நீளம். எடை என்றால் பூஜ்யத்தில்தான் தொடங்கும், இப்படிக் கொண்டுபோனால் டீச்சர் மார்க் குறைப்பார், அழித்துவிட்டுக் கோட்டைப் பூஜ்யத்திலிருந்து இழு என்றேன். அழித்துவிட்டு இழுத்தாள்.

நவம்பர் 17, திங்கள்

தலைவலி. வேறு ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, புதன்

பேச்சியக்கா போன பிறகு வெறும் தொட்டிலை மாட்டிப் பார்த்தேன். பிள்ளை இல்லை, பாக்கெட் இல்லை. முள் எங்கே நின்றது என்று இங்கே எழுதப்போவதில்லை.

டவுசர் இருந்தபோது அது எப்போதும் தராசிலேயே தொங்கும். அதோடு சேர்த்துத்தான் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துவேன். தொட்டில் நனையும், அலசுவோம், காலையில் கொடியில் இருக்கும். கொடியில் இருக்கும்போதே நான் முள்ளை நிறுத்திவிடுவேன். அவ்வளவுதான் விஷயம். கையும் பழக்கமும். யாருக்குத் தோன்றும்?

பிள்ளைகள் ஏறும் வேகம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் கோடு அழகாகத்தான் போனது. அதனால்தான் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

முப்பத்தெட்டு அட்டையையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு தாளில் நானூறு நானூறாகக் கழித்துப் பார்த்தேன். பன்னிரண்டு சிவப்பு. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

கோமளம் மேடத்துக்கு போன் போட்டேன். சொல்லவே ஒரு பாடு. அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன்.

ஒரே மாதத்தில் இரண்டு சிவப்பு பன்னிரண்டு ஆனால் மேலிடத்தில் என்ன கேட்பார்கள், பிள்ளைகளைப் பட்டினி போட்டோம் என்பார்கள், உங்களுக்கும் எனக்கும் மெமோ வரும், மேடையில் வாங்கிய ஷீல்டைப் பேப்பர்காரன் சும்மா விடுவானா என்று அடுக்கினார். அதற்கு வழியும் அவரே சொன்னார். “மாசம் நூறு நூறாக் கொறச்சு எழுதுங்க. நாலு மாசத்துல சரியாயிடும். யாருக்கும் ஒன்னும் தெரியாது.”

அதாவது, வெட்டுத்துண்டில் இருக்கும் தப்பைச் சாய்வில் கரைத்துவிடுவது. பெனிட்டாவிடம் கேட்டால் அப்படித்தான் சொல்வாள். நான் சரி மேடம் என்றேன். போனை வைத்ததும் உடம்பு லேசாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மேலே இருக்கிறவர் சொல்லிவிட்டார் என்றால் பாரம் அவரிடம் போய்விடுகிறது.

டிசம்பர் 3, புதன்

எடை நாள். நல்ல மழை, கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். நூறு குறைத்து எழுதினேன். தொட்டில் அதேதான், வேறு என்ன செய்ய?

சுபிக்ஷாவுக்கு முள் 5.7-இல் நின்றது. 5.6 என்று எழுதினேன். எட்டு மாதத்துக்கு மஞ்சளின் கடைசிக் கோடு சரியாக 5.6. கோட்டின்மேல் இருந்தால் மஞ்சள்தான்.

கனி போகும்போது என் பங்கு சத்துமாவு இரண்டு பாக்கெட், வீட்டிலிருந்து கொண்டுபோன நெய் ஒரு டப்பா, எல்லாம் அவள் பையில் போட்டேன். பதிவேட்டில் கையெழுத்து வேண்டாம் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறால் உரித்து விரல் நுனியெல்லாம் வெந்து போயிருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போயேன் என்று வாய் வரை வந்தது. எதற்கு என்று கேட்பாளே. சொல்லவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

பெனிட்டாவுக்கு அந்தச் செயல்பாட்டில் ஐந்துக்கு இரண்டு. புள்ளிகள் போகிற வழியில்தான் கோடு போக வேண்டும், உன் இஷ்டத்துக்குப் பூஜ்யத்தில் கொண்டுவந்து கட்டக்கூடாது என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். நோட்டை என் முன்னால் போட்டுவிட்டுப் போனாள். நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்றாள். நான் அடுப்படிக்குப் போனேன். சாம்பாருக்குப் பருப்பு வேகவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

கனி வந்தாள். பிள்ளைக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஆறு கொடுத்தேன். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொன்னேன். இதைச் சொன்னேன் என்று எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 17, புதன்

சுபிக்ஷாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பேச்சியக்கா கூடப் போய்விட்டு இப்போதுதான் வந்தார். அங்கே எடை போட்டதில் 5.0.

டாக்டரம்மா நம் அட்டையை வாங்கிப் பார்த்தாராம். மூன்றாம் தேதி 5.6, பதினேழாம் தேதி 5.0. இரண்டே வாரத்தில் அறுநூறு கிராமா, பேதி மட்டும் இவ்வளவு இறக்காதே, பிள்ளைக்கு என்னதான் கொடுத்தாய் என்று கனியைக் கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம்தான். கனி சத்துமாவு என்றிருக்கிறாள். பக்கத்தில் நின்ற மாமியார் பிடித்துக்கொண்டாளாம். மாவையெல்லாம் இவள் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள், நான் கண்ணால் பார்த்தேன், ரகசியமாக நெய் டப்பா எல்லாம் வைத்திருந்தாள், பிள்ளை வாயில் ஒரு சொட்டுப் போகவில்லை என்று வார்டே கேட்கக் கத்தியிருக்கிறாள். புருஷன் இசக்கிமுத்து அங்கேயே கை நீட்டிவிட்டானாம்.

உள்ளபடி அவள் பிள்ளை இறங்கியது முந்நூறு. மீதி முந்நூறு அவள் பிள்ளையின் உடம்பில் எந்த நாளும் இருந்ததே இல்லை. இல்லாத முந்நூறுக்கு அவள் அடி வாங்கியிருக்கிறாள்.

டிசம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிளாஸ்க்கில் கஞ்சி, கனிக்கு நாலு இட்லி. பிள்ளை கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் தலையில் ஏற்றியிருந்தார்கள். கனி கன்னத்தில் வீக்கம்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறினேன். கர்த்தர் சாட்சி.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். நீங்கள்தான் அந்த அங்கன்வாடியா என்று கேட்டார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. மூணாம் தேதி நீங்க போட்ட எடை சரிதானாம்மா, இந்தக் குறைவு எனக்கு இடிக்குது, பிள்ளை ரொம்ப நாளாவே மெலிஞ்ச மாதிரி இருக்கே என்றார். மாமியார் பக்கத்தில் நின்றாள். இசக்கிமுத்து நின்றான். கனி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிதான் மேடம்” என்றேன்.

டிசம்பர் 20, சனி

காலை பத்தே காலுக்கு. பேச்சியக்கா போன் செய்தார்.

டிசம்பர் 21, ஞாயிறு

அடக்கத்துக்குப் போனேன். நிற்க முடியவில்லை, சீக்கிரம் வந்துவிட்டேன். கனி அழவில்லை. ஒரு சொட்டு இல்லை. பெற்றவள் அழாமல் இருப்பாளா, அப்படியென்றால் அதிலேயே தெரிகிறதே என்று தெருவில் பேசுகிறார்கள். அடக்கம் முடிந்த கையோடு அவளை அம்மா வீட்டுக்குத் துரத்திவிட்டார்கள். ஒரு பையும் கையுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றாளாம்.

நான் ஆலயத்துக்குப் போகவில்லை. போய் என்ன சொல்ல?

டிசம்பர் 24, புதன்

கேக் இல்லை, ஸ்டார் கட்டவில்லை. பெனிட்டா காரணம் கேட்கவில்லை. சாயங்காலம் அடுப்படியில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“யம்மா, அந்தப் பாப்பாவையும் அந்தத் தொட்டில்லதான் எடை போட்டீங்களா?”

போய்ச் சாப்பிடு என்றேன். அவள் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 27, சனி

குழந்தை இறப்பு விசாரணை முப்பதாம் தேதி, என் மையத்தில். டாக்டர் ஒருவர் வருவாராம். கனியையும் வீட்டுக்காரர்களையும் கூப்பிடச் சொல்லி உத்தரவு. கோமளம் மேடம் போனில் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சொல்லிக்கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் தாயின் கவனக்குறைவு என்று போடுங்கள், ஊரே சொல்கிறதே, நாமா சொல்கிறோம் என்றார். அந்தக் கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன்.

பேனாவை எடுத்தால் கை அந்தக் கட்டத்துக்குப் போகவே மாட்டேன் என்கிறது. நான் கோழை. அதை இங்கேயாவது எழுதுகிறேன். ஜூன் முதல் நவம்பர் வரை செய்தது தெரியாமல் செய்தது. அதற்குப் பிறகு செய்தது எல்லாம் தெரிந்து செய்தது. நான் வாயைத் திறந்தால் ஒரு வேலை போகும். திறக்காவிட்டால் ஒருத்தி பிள்ளையைக் கொன்றவளாக ஆயுசு முழுக்க இருப்பாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு எல்லாரும் வந்தார்கள். பிள்ளைகளின் பாயில்தான் உட்கார்ந்தோம். டாக்டர், கோமளம் மேடம், இசக்கிமுத்து, அவன் அம்மா. கனி சுவரோரம் தனியாக. ஜன்னலுக்கு வெளியே காலனிப் பெண்கள். டாக்டர் வயசானவர். அட்டையைப் பிரித்து, கடைசிப் புள்ளிகள் கிடுகிடுவென்று விழுவதைக் காட்டி, கனியிடம் மாவு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். பிள்ளைக்குத்தான் என்றாள். மாமியார் பொய் என்றாள். நெய் டப்பா ஏது என்று டாக்டர் கேட்டார். கனி என் பக்கம் பார்க்கவில்லை. கையெழுத்து வேண்டாம் என்று நான் சொன்னதால், என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று இத்தனை நாளும் அதைச் சொல்லாமலே இருந்திருக்கிறாள்.

அப்போதுதான் நான் எழுந்தேன். நெய் நான் கொடுத்தது என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. தொட்டில், கொடி, திருகு, நானூறு கிராம், ஜூன் மாதம், நர்ஸ் எழுதிய சீட்டு, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். நூறு நூறாகக் குறைத்ததையும் சொன்னேன். யார் சொல்லிக் குறைத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். கோமளம் மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரையும் சொன்னேன்.

டாக்டர் பென்சிலை எடுத்தார். அட்டையில் ஆஸ்பத்திரிப் புள்ளியைத் தொடவில்லை. என் புள்ளிகளை மட்டும், கடைசியைத் தவிர, நானூறு நானூறாகக் கீழே இறக்கினார். கடைசியை முந்நூறு இறக்கினார். கோட்டை இழுத்தார். கிடுகிடுவென்று எதுவும் விழவில்லை. ஐப்பசியில் ஒரு சறுக்கல், பிறகு நோஞ்சானாகப் படுத்த கோடு, கடைசியில் பேதியின் இறக்கம். இதில் இந்தப் பெண் செய்ததாக நான் எழுத ஒன்றுமில்லை என்றார். மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இசக்கிமுத்து அவள் கையைப் பிடித்து அழுத்தினான்.

மற்றப் பிள்ளைகள் என்று டாக்டர் கேட்டார். பதிவேட்டை எடுக்கவில்லை, எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, நானூறு கழித்த எடையையும் சொன்னேன். பதினொரு பெயர். ஜன்னலில் நின்றவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள். யாரும் கத்தவில்லை. ஒருத்தி தன் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். இன்று சாயங்காலத்துக்குள் எல்லாரையும் வேனில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கனி எழுந்து வந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“எம்புள்ள என்னைக்கு செவப்புக்கு வந்தா டீச்சர்?”

நவம்பர் அஞ்சு என்றேன். விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, அன்றைக்கே பெட்டியும் சீட்டும் கிடைத்திருக்குமா என்று கேட்டாள். கிடைத்திருக்கும் என்றேன்.

“அப்பவே கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?”

கோமளம் மேடம் குறுக்கே வந்தார். அதெல்லாம் யாரும்மா சொல்ல முடியும், கடவுள் கையில் இருப்பது என்றார். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு நானும் தப்பித்திருக்கலாம். கனி மேடம் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை.

“பொழச்சிருப்பா” என்றேன்.

தலையை ஆட்டினாள். பாயில் போய் உட்கார்ந்தாள். பத்து நாளாக ஒரு சொட்டு விடவில்லை என்று தெருவே பேசிய பெண், மடியில் கையை விரித்து வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.